முன்வாசலில் சீல், பின்வாசலில் பேப்பர்

1

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெய்யம்மை ஆச்சி போன் செய்தார். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.

"அருள் தம்பி, கதவுல வச்ச சீலை எடுத்து இந்த ஆனியோட ஒரு வருசமாச்சு. சிறுவர் பக்கத்துக்கு அந்தக் கதையை நீங்கதான் எழுதித் தரணும்."

"நானா ஆச்சி? நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படிச்சவன். லிப்ட் ரிப்பேர் பாக்குறவன்."

"அதுனாலதான் கேக்குறேன். வக்கீல எழுதச் சொன்னா பிள்ளைக ரெண்டாவது வரியில பேப்பரை மடிச்சு வச்சிரும். நீங்க உங்க மகளுக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க, போதும்."

அதனால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் ஆச்சி திருத்திவிடுவார். நீங்கள் வாரா வாரம் கையில் வாங்குகிற 'ஊருணி முரசு'க்கு ஆசிரியர், நிருபர், பிழை திருத்துகிறவர் எல்லாம் அவர் ஒருவரே. அச்சு மிஷினை ஓட்ட மட்டும் ஒரு ஆள் வைத்திருக்கிறார். நம் ஊர் எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காரைக்குடியில் பஸ் ஏறினால் கண் அசருவதற்குள் இறங்க வேண்டிய ஊர்.

இங்கே எனக்கு வேலை, அடுக்குமாடி வீடுகளின் லிப்டுகளைப் பார்த்துக்கொள்வது. காலையில் ஒரு கட்டடத்துக்குப் போவேன். "பழுது பார்க்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று நாலு மொழியில் அச்சடித்த அறிவிப்பை லிப்ட் கதவில் மாட்டுவேன். மாட்டியதும் ஜனங்கள் மறுபேச்சு இல்லாமல் படியில் ஏறிப் போவார்கள். ஒரு கதவில் ஒரு தாளை ஒட்டினால் அதற்கு எவ்வளவு பலம் என்று தினமும் பார்க்கிறவன் நான். அந்தப் பலம் ஒருநாள் என் வீட்டுக் கதவிலேயே வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கவில்லை.

2

நம் பக்கத்துப் பழைய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். உங்களுக்கு இது சாதாரணம். சிங்கப்பூரில் பிறந்த என் மகள் ஜெனிக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எங்கள் அடுக்குமாடி வீட்டில் வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தெரிந்துவிடும். வீட்டுக்குள் நுழைந்து, நடந்து, நடந்து, வேறு தெருவில் போய் இறங்கலாம் என்றால் அவள், "அது வீடா, பேரங்காடியா?" என்று கேட்டாள்.

நம் ஊர் வீட்டை வாங்கியவர் என் அப்பா. கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். முன்வாசல் மேலத்தெருவில். கூடம், வானம் பார்த்த வளவு, அடுப்படி எல்லாம் தாண்டினால் பின்வாசல் ஊருணிக்கரைத் தெருவில். முன்பு எப்போதோ நகராட்சியிலிருந்து வீடுகளுக்கு எண் போட வந்தார்கள். மேலத்தெருவுக்கு வந்தவர் முன்வாசலுக்கு ஒரு எண் போட்டார். ஊருணிக்கரைத் தெருவுக்கு வந்தவர் பின்வாசலுக்கு வேறொரு எண் போட்டார். இருவரும் சந்தித்துப் பேசிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அன்றிலிருந்து வரிச்சீட்டும் இரண்டாகத்தான் வரும். அப்பாவும் ஒன்றும் கேட்காமல் இரண்டையும் கட்டிவிட்டு வருவார்.

அப்பா காலமான பிறகு வீட்டை ஆச்சியின் பத்திரிகைக்கு வாடகைக்கு விட்டேன். அச்சு மிஷினை ஏற்றி வந்த லாரி பின்தெருவில்தான் நுழைய முடிந்தது. ஆகவே அச்சகம் பின்கட்டில். உரிமமும் பின்வாசல் எண்ணுக்கு முறையாக வாங்கியிருந்தார். ஆனால் ஜனநடமாட்டம் மேலத்தெருவில்தானே? அதனால் 'ஊருணி முரசு' என்ற பெயர்ப்பலகையை மட்டும் முன்வாசலில் மாட்டினார்.

இந்தப் பலகைதான் எல்லா வேடிக்கைக்கும் காரணம்.

ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேல் கடைகள் கட்ட நகராட்சியில் ஒரு யோசனை இருந்தது. ஆச்சி வாரா வாரம் ஒரு படம் வரைந்து போட்டார். தண்ணீர் எந்த வழியாக வருகிறது, கடை வந்தால் எந்த இடத்தில் நின்றுபோகும் என்று. படத்துக்குக் கீழே கோபமாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. வெறும் அம்புக்குறிதான். திட்டியிருந்தால்கூட நகராட்சியில் பொறுத்திருப்பார்கள். அம்புக்குறியைப் பொறுக்க முடியவில்லை.

3

சீல் என்றால் என்ன தெரியுமா? கதவைப் பூட்டி, பூட்டின் மேல் துணி சுற்றி, அதில் அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்துவார்கள். அதை உடைத்தால் குற்றம். குடியிருப்பு வீட்டில் உரிமம் இல்லாமல் அச்சகம் நடத்துவதாகச் சொல்லி, மேலத்தெருக் கதவு எண்ணுக்கு உத்தரவு போட்டு, ஒரு ஆய்வாளரை அனுப்பினார்கள். பாவம், அவர் நம் பக்கத்துக்காரர் இல்லை. வேலூர்ப் பக்கமிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான். அவர் ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு தெருதான்.

உள்ளே யாராவது இருந்தால் வெளியே வரும்படி வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார். பின்கட்டில் மிஷின் ஓடுகிற சத்தத்தில் ஆச்சிக்குக் கேட்கவில்லை. ஆள் இல்லை என்று பூட்டிவிட்டு அரக்கை உருக்க ஆரம்பித்திருக்கிறார். மேலத்தெருவே கூடி நின்று பார்த்திருக்கிறது. அந்த வீட்டுக்குப் பின்வாசல் இருப்பது அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. யாரோ ஆச்சிக்கு மட்டும் போன் செய்துவிட்டார்கள்.

ஆச்சி பின்வாசல் வழியாக இறங்கி, தெருமுனையைச் சுற்றி வந்து, ஆய்வாளருக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.

"யாரை சார் உள்ள வச்சுப் பூட்டுறீக?"

"'ஊருணி முரசு' ஆபீசைம்மா. நீங்க யாரு?"

"அந்த ஆபீசுதான்."

ஆய்வாளர் திரும்பிப் பார்த்தார். "எங்கேயிருந்து வர்றீங்க?"

"உள்ளயிருந்து."

"எப்படி வந்தீங்க?"

"நடந்துதான்."

தெரு சிரித்துவிட்டது. ஆச்சி சிரிக்கவில்லை. "உத்தரவுல என்ன நம்பரு போட்டிருக்கு சார்? முன்வாசல் நம்பருதானே? நல்லாப் பூட்டுங்க. நான் இதைத் தொடவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே சுற்றிப் போனார். அந்த வார முரசு வழக்கம்போல வெளிவந்தது. முதல் பக்கத்தில் அரக்கு ஊற்றிய கதவின் படம்.

இதை ஆச்சி எனக்குப் போனில் சொன்னபோது லிப்டுக்கு மேலே உள்ள மோட்டார் அறையில் இருந்தேன். நான் சிரித்த சத்தத்தில் கூட வேலை செய்த சீனத் தோழர் பயந்து திருப்புளியைக் கீழே போட்டுவிட்டார்.

4

ஆனால் சிரிப்பு அடுத்த மாதமே நின்றது.

சீலை எடுக்கச் சொல்லி ஆச்சி மதுரையில் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நகராட்சி என்ன பதில் கொடுத்தது தெரியுமா? "பூட்டிய பிறகும் பத்திரிகை வருகிறது. ஆகவே சீலை உடைத்திருக்கிறார்கள். கட்டடம் முழுவதையும் பூட்ட வேண்டும்." வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்கும் ஒரு நோட்டீஸ் வந்தது. முழுக் கட்டடமும் என்றால் பின்வாசலும் போச்சு. பின்வாசல் போனால் மிஷின் போச்சு. வேறு இடம் பிடித்து மிஷினை மாற்ற ஆச்சியிடம் வசதி கிடையாது. முரசு அதோடு முடிந்துவிடும்.

"வீட்டைப் பத்தி வீட்டுக்காரரே சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்தாத்தான் நமக்குப் பலம்" என்றார் ஆச்சியின் வக்கீல்.

எனக்குப் பயம் வந்தது. இங்கே நான் வந்தவன்; இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கிறவன். அந்த வருடம்தான் அதைப் புதுப்பிக்க வேண்டும். என் பெரியப்பா மகன் சேவியர் அண்ணன் ஊரிலிருந்து போனில் பிடித்துக்கொண்டார்.

"டேய் அருளு, உனக்கு எதுக்குடா இந்த வம்பு? கேசுன்னு உம் பேரு வந்துச்சுன்னா அங்குட்டும் இல்லாம இங்குட்டும் இல்லாம நிப்ப. பேசாம ஆச்சியைக் காலி பண்ணச் சொல்லிரு."

என் மனைவி ஸ்டெல்லா துணி தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும் சொன்னாள்: "அந்தப் பேப்பரும் இல்லைன்னா ஊருல என்ன நடக்குதுன்னு உங்களுக்கு யாரு சொல்லுவா? உங்க அண்ணனா? அவரு யாரு செத்தா, யாரு இடம் வித்தா, இது ரெண்டைத்தான் சொல்லுவாரு."

அது உண்மை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்ததும் போனில் வரும் முரசைச் சத்தமாகப் படிப்பது என் வழக்கம். ஜெனிக்கு அப்போது பதினாலு வயது. காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் காதில் விழவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்று அவள் கருவியைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூடத்துத் தமிழில் கேட்டாள்:

"அப்பா, நம் வீடு ஒன்றா, இரண்டா?"

"ஒண்ணுதாம்மா. வாசல் ரெண்டு."

"நகராட்சியின் கணக்கில்?"

மறுநாள் வக்கீலிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "பாப்பாவைச் சட்டம் படிக்க வைங்க. இந்தக் கேள்வியை நாம கேக்க வேண்டாம். கேக்க வேண்டியவர் கேக்கட்டும்." பாஸ்போர்ட் பயத்தையும் சொன்னேன். "இது குற்ற வழக்கு இல்லீங்க. உங்க வீட்டைப் பத்தி உண்மையைச் சொல்றதுக்கு யாரும் பாஸ்போர்ட்டைப் பிடுங்க மாட்டாங்க" என்றார். பாதிப் பயம் போனது. மீதி அப்படியே இருந்தது.

சத்தியப் பத்திரத்தில் இந்தியத் தூதரகத்தில் முத்திரை வாங்க அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். முகவரி என்ற இடத்தில் இரண்டு முகவரி எழுதியிருந்தேன். கவுன்டரில் இருந்த அம்மா மலையாளம் கலந்த தமிழில், "இதில் உங்கள் வீடு எது?" என்று கேட்டார். "ரெண்டும்" என்றேன். "இரண்டு வீடா?" "இல்லைம்மா, ஒரு வீடு." அவர் என்னைப் பார்த்த பார்வையில், எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். கடைசியில் ஒரு தாளின் பின்பக்கத்தில் வீட்டை வரைந்து காட்டினேன். முத்திரை விழுந்தது.

5

நீதிபதி வீட்டை நேரில் பார்த்து அறிக்கை தரும்படி ஒரு இளம் வக்கீலம்மாவை நியமித்தார். வீட்டுக்காரரும் இருந்தால் நல்லது என்றார்கள். ஜூன் மாதம் இங்கே பள்ளி விடுமுறை. ஜெனியைக் கூட்டிக்கொண்டு திருச்சியில் வந்து இறங்கினேன்.

ஊரில் இறங்கியதும் நாக்கு சண்டை போட ஆரம்பித்தது. டீக்கடையில், "சர்க்கரை கம்மியாப் போடலாமா?" என்று கேட்டார் கடைக்காரர். சிங்கப்பூர்ப் பழக்கத்தில், சரி என்பதற்கு "கேன், கேன்" என்றேன். அவர் உள்ளே போய்த் தண்ணீர் கேனைத் தூக்கிவந்து வைத்தார்.

வக்கீலம்மா கறுப்புக் கோட்டோடு வெயிலில் வந்து சேர்ந்தார். ஆய்வாளரும் வந்திருந்தார். ஜெனி அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய், "ஐயா, தாங்கள் தண்ணீர் அருந்துகிறீர்களா?" என்றாள்.

ஆய்வாளர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். "என் சர்வீஸ்ல யாரும் இவ்வளவு மரியாதையாக் கேட்டதில்லம்மா."

வக்கீலம்மா ஆய்வாளரை முன்வாசலில் நிற்கச் சொன்னார். எங்களோடு தெருவைச் சுற்றிவந்து பின்வாசலில் நுழைந்தார். மிஷினைப் பார்த்தார். சுவரில் தொங்கிய உரிமத்தைப் பார்த்தார். அடுப்படி, வளவு, கூடம் என்று நடந்துகொண்டே இருந்தார். "இன்னும் இருக்கா?" என்று நடுவில் ஒரு தடவை கேட்டார். கடைசியில் முன்கதவின் உள்பக்கம் வந்து நின்று, விரலால் தட்டினார்.

"சார், கேக்குதா? சீலு எப்படி இருக்கு?"

வெளியேயிருந்து ஆய்வாளரின் குரல் வந்தது. "நான் வச்ச மாதிரியே இருக்கு மேடம்."

"உடைஞ்சிருக்கா?"

"இல்ல மேடம்."

"நான் எங்கே இருக்கேன்?"

"உள்ள இருக்கீங்க மேடம்."

ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வக்கீலம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். வேலை அப்படி.

6

வெற்றி கைக்கு வந்தது மாதிரிதான் இருந்தது. ஆனால் மறுநாள் அதே டீக்கடையில் ஆய்வாளர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், கேஸ் எப்படி முடியும்னு யாருக்கும் தெரியாது. நீங்க வெளிநாட்டுல இருக்கவரு. இவங்களைக் காலி பண்ணச் சொல்றேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. நாளைக்கே சீலை எடுத்து வீட்டை உங்க கையில ஒப்படைச்சிடறோம். மேல கேக்கச் சொன்னாங்க."

பிள்ளைகளே, நான் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாய் டீ குடித்து முடிக்கும்வரை எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுதான் யோசித்தேன். எழுதினால் வீடு திறக்கும், என் பயமும் போகும், அடுத்த விமானத்தில் நிம்மதியாகத் திரும்பலாம். பிறகு கேட்டேன்:

"ஆச்சி எழுதினதுல எது தப்புன்னு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க சார். இப்பவே எழுதித் தாரேன்."

ஆய்வாளர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது.

"தப்பா ஒண்ணும் எழுதலீங்க" என்றார். "அதான் பிரச்சினை."

"அப்ப நான் எதை எழுதிக் கொடுக்குறது?"

அவர் மேலே வற்புறுத்தவில்லை. எழுந்து, என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர். அவர் வேலையும் அப்படி.

7

மதுரையில் நீதிமன்ற அறை குளுகுளுவென்று இருந்தது. ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசினார்கள். ஆங்கிலம் வேகமாக வந்தபோது ஜெனி என் காதில் தமிழாக்கிச் சொன்னாள். இத்தனை வருடம் அவளுக்கு நான் பேப்பர் படித்துச் சொன்னேன். அன்று அவள் எனக்குச் சொன்னாள். அவள் நம் தமிழை விட்டு விலகிப் போகிறாள் என்று நான் கவலைப்பட்ட நாட்கள் உண்டு. அன்றைக்கு மட்டும் அந்தக் கவலை வரவில்லை.

நீதிபதி வக்கீலம்மாவின் அறிக்கையை மூடி வைத்துவிட்டு நகராட்சி வக்கீலைக் கேட்டார். "இது ஒரு வீடா, ரெண்டு வீடா?"

"ஒரே வீடுதான், ஐயா."

"அப்போ அந்த வீட்டுக்கு உரிமம் இருக்கே?"

நகராட்சி வக்கீல் தாள்களைப் புரட்டினார். "நகராட்சி ஆவணப்படி ரெண்டு வீடு, ஐயா."

"அப்போ மிஷின் இல்லாத வீட்டைப் போய் ஏன் பூட்டினீங்க?"

ஜெனி என் கையைக் கிள்ளினாள். அந்தத் தடம் இரண்டு நாள் இருந்தது.

நீதிபதி எங்கள் பக்கமும் சும்மா விடவில்லை. "பலகையை முன்னாடி மாட்டிட்டு மிஷினைப் பின்னாடி வச்சா, வர்றவங்க என்னம்மா செய்வாங்க?"

ஆச்சி எழுந்து நின்று, "ரெண்டு பக்கமும் மாட்டிடுறேங்கய்யா" என்றார்.

சீலை வைத்தவர்களே எடுக்க வேண்டும், எனக்கு அனுப்பிய நோட்டீஸ் செல்லாது என்று உத்தரவு வந்தது. பத்திரிகையில் தப்பாக எழுதியிருந்தால் பதில் எழுதி அனுப்புங்கள், அதற்குப் பூட்டு எதற்கு என்றும் நகராட்சியை நீதிபதி கேட்டார். வரத்துக்கால் விவகாரம் தனி; அது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. கடைகள் வரவில்லை. படம் வந்துகொண்டிருக்கிறது.

8

நாங்கள் திரும்புவதற்கு முந்தின நாள் ஆய்வாளர் சீலை எடுக்க வந்தார். மேலத்தெரு மறுபடியும் கூடி நின்றது. இந்தத் தடவை அவருக்கு உட்கார நாற்காலியும் மோரும் கொடுத்தார்கள்.

அதற்கு முன்பு ஒன்று சொல்ல வேண்டும். பார்த்ததை எல்லாம் சிறுவர் பக்கத்துக்கு எழுதும்படி ஜெனியிடம் ஆச்சி சொல்லியிருந்தார். ஜெனியும் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து எழுதினாள். ஆய்வாளரை "அறிவில்லாதவர்" என்று ஒரு வரி எழுதியிருந்தாள். ஆச்சி அதை மட்டும் அடித்தார்.

"ஏன் ஆச்சி? அது உண்மைதானே?"

"அது நீ நினைச்சது ஆத்தா. பாத்தது இல்லை. கதவைத் தட்டுனாக, 'உள்ள இருக்கீங்க மேடம்'னு சொன்னாரு. அதைப் போடு. மத்ததைப் படிக்கிறவுக பாத்துக்கிருவாக."

ஜெனி கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு அந்த வரியை அவளே இன்னொரு தடவை, எழுத்துத் தெரியாதபடி அடித்தாள். எந்தப் பேப்பருக்காக இவ்வளவு பயந்து, இவ்வளவு தூரம் வந்தேன் என்று அந்த நேரத்தில்தான் எனக்கே சரியாகத் தெரிந்தது.

ஆய்வாளர் சிறு கத்தியால் அரக்கைச் சுரண்டினார். துணியைப் பிரித்தார். பூட்டைத் திறந்து என் கையில் கொடுத்தார். கதவைத் தள்ளியதும் வளவிலிருந்து காற்று தெருவுக்கு வந்தது. அவர் தலையை நீட்டி உள்ளே பார்த்தார். தூரத்தில், பின்கட்டில், மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆச்சி" என்றார் ஆய்வாளர், கையைத் துடைத்துக்கொண்டே. "நீங்க எப்படியும் இதைப் பேப்பர்ல போடுவீங்க. போடும்போது, சீலை நானே வந்து எடுத்துக் கொடுத்தேன்னு போடுங்க."

"கட்டாயம் போடுறேன் சார். வச்சதும் நீங்கதான்னும் போடுவேன்."

தெரு அவரையே பார்த்தது. அவர் கத்தியை மடித்துப் பையில் வைத்தார்.

"ரெண்டும் நடந்ததுதானே" என்றார். "போடுங்க."

அந்த வார முரசில் இரண்டும் வந்தது.